மந்தியின் மரணமும் இலக்கிய உண்மையும்

சங்கப் புலவர் இயற்கையை உள்ளவாறே கண்டு பாடினர் என்னும் கருத்து தமிழாய்வில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. பாராட்டாக வழங்கும் இக்கருத்து சோதனைக்கு உட்படுத்தப்படுவது அரிது. விரிவுரை மண்டபக் கூரைகளிலே செங்குரங்குகள் உலவும் பேராதனையில் அச்சோதனைக்கான தூண்டுதல் கண்முன்னேயே உள்ளது. குறுந்தொகையின் 69ஆம் பாடல் அதற்குத் தக்க களமாகும்.

கடுந்தோட் கரவீரன் பாடிய இச்செய்யுளில், ஆண்குரங்கு இறந்துபட, கைம்மையை விரும்பாத மந்தி, தன் தொழிலை இன்னும் கல்லாத குட்டியைச் சுற்றத்திடம் சேர்ப்பித்துவிட்டு மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர்விடுகின்றது. அத்தகைய மலைநாடனை நள்ளிரவில் வரவேண்டாவெனத் தோழி தடுக்கின்றாள்.

இதனை விலங்கியலோடு ஒப்பிடுவோர் முதலில் நாடக்கூடியவை வொல்ப்காங் டிட்டஸின் ஆய்வுகள். 1968இல் பொலன்னறுவையில் தொடங்கி, பின்னர் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் தொடர்புடனும் நடைபெற்ற அவை, செங்குரங்கின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தன. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்கின்றன. ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறிப் பிற கூட்டங்களை அடைகின்றன. மகளின் தரத்தைத் தாயின் தரமே நிர்ணயிக்கின்றது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறுதிவரை இணைந்து வாழும் இல்லறம் அங்கில்லை. எனவே, பாடலின் இயற்கையறிவு முழுவதும் பொய்யென முடிவுகட்டத் தோன்றும்.

அம்முடிவு அவசரமானது. ஆணைக் குறிக்கப் பாடல் ஆளும் சொல் 'கலை' என்பதாகும். தொல்காப்பிய மரபியல் அப்பெயரை உழைமானுக்கும் முசுவுக்கும் உரியதாக்குகின்றது. ஆகவே பாடலின் விலங்கு செங்குரங்கன்று, இலையுண்ணும் நீள்வால் முசு எனக் கொள்வதே பொருந்தும். கண்டிச் சிங்கள மக்கள் ரிளவா, வந்துரா என இரண்டையும் வேறுபடுத்தி வழங்க, இன்றைய தமிழ் வழக்கு பெரும்பாலும் இரண்டையும் 'குரங்கு' என்பதில் அடக்கிவிடுகின்றது. மரபியல் கண்ட வேறுபாட்டை அதன் வாரிசுகள் இழந்துள்ளனர்.

முசுக்களை 1960களில் சூசன் ரிப்ளி பொலன்னறுவையிலும், 1970களில் சேரா ஹேர்டி இராஜஸ்தானின் அபு மலையிலும் ஆராய்ந்தனர். செங்குரங்கு சார்ந்த மக்காக்கு இனத் தாய்மாரோடு ஒப்புநோக்குகையில், முசுத்தாய் தன் சிறுகுட்டியைக் கூட்டத்தின் பிற பெண்களிடம் தாராளமாகக் கொடுக்கின்றது. பழைய ஆணை அகற்றிப் புதிய ஆண் கூட்டத்தைக் கைப்பற்றுகையில் குட்டிகள் கொல்லப்படுவதுண்டு என ஹேர்டி 1977இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். ஆணின் மறைவு குட்டிக்கு ஆபத்தாகலாம். உறவுப் பெண்கள் அதற்குப் புகலாகலாம். குட்டியைக் கிளையிடம் சேர்த்தல் கூர்ந்த காட்சியின் விளைவெனில் தவறாகாது.

மந்தியின் தற்கொலையோ காட்சியன்று; அது தோழியின் கூற்று. தலைவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தலைவி வாழாள் என்பதைச் சொல்லாமற் சொல்ல வேண்டிய இடத்தில், கண்டறிந்த உண்மை நின்று, கருதிய பொருள் தொடங்குகின்றது. கருப்பொருளின் பணியும் அதுவே. புலவரை விலங்கியலறிஞராக்குவோரும் பொய்யராக்குவோரும் இவ்வெல்லையைக் காணத் தவறுகின்றனர்.

டிட்டஸின் ஆய்வுக்களத்திலேயே எடுக்கப்பட்டு 2015இல் வெளிவந்த 'மங்கி கிங்டம்' திரைப்படம் இவ்வெல்லையை வேண்டுமென்றே அழித்தது. தாழ்ந்த தரத்து மாயா என்னும் தாய் முயன்று உயர்வதாக அது கதை சொல்கின்றது. கவிதையில் பேசுபவள் தோழி என்பது வெளிப்படை. படத்திலோ வருணனைக் குரல் உண்மையின் குரலாகவே ஒலிக்கின்றது. மானிட ஆசையை விலங்கின்மேல் ஏற்றும் குற்றம் கவிதையைவிடப் படத்துக்கே மிகுதியும் பொருந்தும்.

இது வெறும் ஏட்டு விவகாரமன்று. திரையில் அரசியான அதே செங்குரங்கு, வயலில் கள்வன் எனப்பட்டது. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. பயிரிழந்த உழவரின் துயர் மெய்யானது. ஆயினும் அரசி, கள்வன் ஆகிய இரண்டும் மனிதர் சூட்டிய வேடங்களே. மனிதர் எறியும் உணவு பெருகுமிடத்தில் குரங்குகளும் பெருகுகின்றன என்னும் எளிய உண்மையை அவ்வேடங்கள் மறைக்கின்றன. கண்டதையும் கருதியதையும் பிரித்தறியும் பயிற்சியே திறனாய்வு. அப்பயிற்சி பாடலுக்கு வேண்டியவாறே காட்டுக்கும் வேண்டும்.