கட்டளையை ஏற்கும், வேலையை ஏற்காது

சுவிட்சில் ஒரு டனல் இன்டர்ஃபேஸ் போட நாலைந்து வரி போதும். டனலுக்கு ஓர் எண், அதற்கொரு ஐபி முகவரி, புறப்படும் முகவரி, போய்ச் சேரும் முகவரி. எதிர்முனையில் இதையே மாற்றிப் போட்டால், நடுவில் எத்தனை ரவுட்டர்கள் இருந்தாலும் இரண்டு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை போலப் பேசிக்கொள்ளும். 1994இல் ஆர்எஃப்சி 1701 ஆக வெளிவந்த ஜிஆர்இ முறை இன்றும் புழக்கத்தில் இருப்பதற்கு இந்தச் சுலபம் முக்கியக் காரணம்.

அதன் நல்ல பக்கம் சாதாரணமானதல்ல. கிளை அலுவலகத்துக்கும் தலைமையகத்துக்கும் நடுவே இருப்பது வேறொருவரின் நெட்வொர்க். நம் உள்முகவரிகள் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஓஎஸ்பிஎஃப் அனுப்பும் ஹலோ பாக்கெட்டுகள் மல்டிகாஸ்ட். அவை இணையத்தைத் தாண்டாது. ஜிஆர்இக்குள் வைத்தால் தாண்டும். ஐபிவி4 மட்டுமே தெரிந்த பாதையில் ஐபிவி6ஐயும் அனுப்பலாம். சேவை வழங்குநரிடம் எதையும் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இவை டனலின் சிறப்புகள். சுவிட்சில் டனல் போடுவது நல்லதா என்பது வேறு கேள்வி. சுவிட்சின் வேகம் அதன் சிப்பில் இருக்கிறது. சிப்புக்குத் தெரியாத வேலையெல்லாம் சிபியுவின் தலையில் விழும். அந்த சிபியுவோ ஸ்பானிங் ட்ரீ, ரவுட்டிங் போன்றவற்றைக் கவனிக்க வைத்த சின்ன ஆள். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750 டனல் கட்டளைகளை முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த மாடலில் ஜிஆர்இக்கு ஆதரவில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. சோதனையில் பிங் போகும். உண்மையான டிராஃபிக் வந்ததும் சிபியு எகிறும். பெரிய பெட்டியான 6500இல், சூப்பர்வைசர் 720 இருந்தால், ஹார்டுவேரிலேயே ஜிஆர்இ உண்டு. அங்கேயும் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு டனலுக்கும் தனித்தனிப் புறப்பாட்டு முகவரி வேண்டும். ஒரே லூப்பேக்கை இரண்டு டனலுக்கு வைத்தால் வேலை மென்பொருளுக்குப் போய்விடும். கான்ஃபிக்கைப் படிப்பவர் கண்ணுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. இந்த நடைமுறையின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்: கட்டளை வரி ஏற்பதையும் சிப் ஏற்பதையும் ஒன்றாக நினைக்க வைக்கிறது.

அடுத்தது அளவு. ஜிஆர்இ தலைப்பு 4 பைட், வெளி ஐபி தலைப்பு 20 பைட். வழக்கமான எம்டியுவான 1500இல் 24 போனால் 1476. இந்தக் கணக்கைப் போடாமல் விட்ட இடத்தில் நோய்க்குறி எப்போதும் ஒரே மாதிரி: பிங் போகிறது, லாகின் பக்கம் திறக்கிறது, கோப்பை இறக்கும்போது அப்படியே நிற்கிறது. பெரிய பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று அனுப்பியவர் சொல்லியிருப்பார். ‘சின்னதாக அனுப்பு’ என்ற ஐசிஎம்பி பதிலை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்திருக்கும். டிசிபியின் எம்எஸ்எஸ்ஸை 1436 ஆகக் குறைப்பது வழக்கமான மருந்து. அது யுடிபிக்குப் பலிக்காது. பாதை முழுக்க எம்டியுவை உயர்த்துவதே சரியான தீர்வு. சொந்த ஃபைபரில் முடியும், இணையத்தில் முடியாது.

இன்டர்ஃபேஸ் ‘அப்’ என்று காட்டுவதையும் நம்ப முடியாது. போய்ச் சேரும் முகவரிக்கு ரவுட் இருந்தாலே டனல் அப் ஆகிவிடும். டிஃபால்ட் ரவுட் இருக்கும் சுவிட்சில் எதிர்முனை செத்துக் கிடந்தாலும் அப்தான். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. எதிர்முனைக்கான வழியையே டனல் வழியாகக் கற்றுக்கொண்டால், டனல் தன் காலைத் தானே வாரிக்கொள்ளும். விழும், எழும், மறுபடி விழும். அந்த ஒரு முகவரிக்கு ஸ்டாட்டிக் ரவுட் எழுதினால் தீரும், வெளிப்பாதையைத் தனி விஆர்எஃப்பில் வைப்பது இன்னும் சுத்தம். ஜிஆர்இ ‘கீ’ என்பதைக் கடவுச்சொல் என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை: அது வெளிப்படையாகப் போகும் 4 பைட் எண். மறைகுறியாக்கம் வேண்டுமானால் ஐபிசெக் தனியாக வேண்டும், பெரும்பாலான சுவிட்சுகளுக்கு அது வராது.

இத்தனைக்குப் பிறகும், இடமாற்ற வேலையின்போது சில நாளுக்கு ஒரு டனல் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். நிரந்தரக் கட்டமைப்பாகக் கையால் தட்டுவதுதான் உதைக்கிறது. பத்து கிளைகளை ஒன்றோடொன்று இணைக்க 45 டனல், 90 முனை. 2014இல் ஆர்எஃப்சி 7348 விவரித்த விஎக்ஸ்லேன், பிஜிபி ஈவிபிஎன்னோடு சேர்ந்தால் முனைகளைத் தானே கண்டுபிடிக்கிறது. இன்றைய டேட்டா சென்டர் சிப்புகள் பெரும்பாலும் அதை ஹார்டுவேரிலேயே செய்பவை. அதன் சுமை 24 அல்ல, 50 பைட். ஆனாலும் அங்கே டனலைத் தொடும் முன்பே அடித்தளத்தின் எம்டியுவை 9216 போல உயர்த்திவிடுகிறார்கள். ஜிஆர்இ போடும் இடங்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் புகார் வந்த பிறகுதான் நடக்கிறது.