மாலிக் சிடிபேயின் நடனப் படம்: கால்கள் ஏன் முக்கியம்?

பார்ட்டியில் ஆடுபவர்களை நன்றாகப் படம் எடுப்பது எப்படி என்று தேடினால் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., லென்ஸ் என்று பட்டியல் வரும். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு படத்தை நிதானமாகப் பார்த்தால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்பது என் கட்சி. மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் மாலிக் சிடிபே 1963-ல் எடுத்த ‘நுயி த நோயல்’, அதாவது ‘கிறிஸ்துமஸ் இரவு’.

மாலி பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது 1960-ல். அப்போது நகரத்துப் பிள்ளைகள் கிளப் கிளப்பாகச் சேர்ந்து ட்விஸ்ட்டும் ராக்கும் ஆடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருப்பவர்கள் உடன்பிறந்தவர்கள். அவன் வெளிர்நிற சூட்டில், அவள் வெறுங்காலோடு. தலைகள் முட்டாத குறை. இரண்டு பேருமே கேமராவைப் பார்க்கவில்லை, கீழே பார்க்கிறார்கள்.

இதே படத்தை இடுப்போடு வெட்டிப் பாருங்கள். யாரோ இருவர் ரகசியம் பேசுகிற படமாகிவிடும். பாதம் வரை தெரிவதால்தான் அது நடனம். இன்றைய பார்ட்டி படங்களில் முகத்தைப் பிடிக்கிற அவசரத்தில் முதலில் பலியாவது கால்தான்.

அடுத்தது ஃபிளாஷ். ‘ஃபிளாஷ் அடித்தால் படம் கெட்டுவிடும்’ என்பார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். அதனால் கிட்டே நின்று நேராக அடித்தால் ஜோடி பளிச்சென்று இருக்கும், பின்னால் உள்ள கூட்டம் தானாக இருட்டுக்குள் போய்விடும். நெரிசலில் இரண்டு பேரைத் தனியாகப் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

முக்கியமான விஷயம் வேறு. சிடிபே சனிக்கிழமை இரவு பல பார்ட்டிகளுக்குப் போவார். திரும்பி வந்து ஃபிலிமைக் கழுவி, சின்னச் சின்னப் பிரதிகளை அட்டையில் ஒட்டி ஸ்டுடியோவுக்கு வெளியே வைப்பார். ஆடியவர்கள் வந்து தங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பிரதி கேட்பார்கள். அதாவது படத்துக்கு நீதிபதி ஆடியவரே. இப்போது நாம் 500 படங்களை மொத்தமாக ஏற்றிவிட்டு, பறக்கிற கூந்தலும் சாய்கிற போஸும் உள்ள பத்துக்கு நாமே லைக் போட்டுக்கொள்கிறோம். ஆடியவருக்கோ அரைக்கண் மூடிய முகம்தான் மிச்சம்.

2007-ல் வெனிஸ் பினாலே சிடிபேக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது கொடுத்தது. சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டும்போது இந்தப் படம் ஒரு புதிய தேசத்தின் சின்னமாகத் தெரிகிறது. தப்பில்லை. ஆனால் அந்தப் பெருமையில் ஒன்று மறைந்துபோகிறது: இது யாரோ இருவர் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகத் தகுந்த படம்.

அடுத்த பார்ட்டியில் ஷட்டரை அழுத்தும்முன் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தை ஆடுகிறவர் காசு கொடுத்து வாங்குவாரா?