விழுங்கும் சோதனையும் கெட்டித் தண்ணீரும்

பக்கவாதத்தோடு ஒருவர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால், வாய் வழியாக எதையும் கொடுக்கும் முன் அவரால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது இன்று பல நாட்டு மருத்துவ வழிகாட்டிகளில் உள்ள விதி. மாத்திரைக்கும் அது பொருந்தும். செவிலியர் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு தேக்கரண்டியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கிறார். இருமல் வருகிறதா, குரலில் ஈரம் தட்டுகிறதா, மூச்சு தடுமாறுகிறதா என்று கவனிக்கிறார். தேறாதவருக்கு அடுத்த கட்டம் காத்திருக்கிறது: தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பது, சோற்றை மசிப்பது, அதுவும் முடியாவிட்டால் மூக்கு வழியே குழாய் போடுவது. இந்த இரண்டு கட்டங்களையும் ஒரே நடைமுறையின் இரு பாதிகளாகவே வார்டுகள் நடத்துகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். சோதனைக்குப் பின்னால் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. கெட்டித் தண்ணீருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஓர் எக்ஸ்ரே படமும், அதிலிருந்து செய்துகொண்ட ஊகமும்தான். முன்னதன் நற்பெயரில் பின்னது காலம் தள்ளுகிறது.

சோதனை ஏன் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்கிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. மூளையில் அடிபட்டால் இந்த வரிசை குலைந்து, உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பக்கவாத நோயாளிகள் பலருக்கு அந்த இருமலே வருவதில்லை. சத்தமில்லாமல் உள்ளே போவதைக் கூட இருக்கும் மகளோ மருமகனோ கண்டுபிடிக்க வழியில்லை. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விழுங்கல் குறைபாடு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று காட்டியது: மேலோட்டச் சோதனையில் 37 முதல் 45 விழுக்காடு, படுக்கையோர மருத்துவப் பரிசோதனையில் 51 முதல் 55, கருவிகொண்டு பார்க்கும்போது 64 முதல் 78. குறைபாடு உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உறுதியானவர்களுக்குப் பதினொரு மடங்கு. இத்தனை பேரை ஒரு டம்ளர் தண்ணீரும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் சலித்தெடுக்க முடியும் என்றால், அதைச் செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை.

பலனுக்கான சான்றும் கிடைக்கிறது, ஆனால் அதை உள்ளபடியே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 15 மருத்துவமனைகளை ஒப்பிட்ட 2005 ஆய்வில், முறையான விழுங்கல் சோதனை விதி இருந்த இடங்களில் நிமோனியா 2.4 விழுக்காடு, இல்லாத இடங்களில் 5.4. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 63,650 நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், சோதனை தாமதமாகத் தாமதமாக நிமோனியா கூடுகிறது என்று 2017இல் எழுதினார்கள். இரண்டும் வெறும் ஒப்பீடுகள். சோதனையை ஒழுங்காகச் செய்யும் மருத்துவமனை மற்றதையும் ஒழுங்காகச் செய்வதாக இருக்கலாம். அந்த ஐயத்தைக் கடக்கும் வலிமை கொண்டது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு. 2011இல் லான்செட் இதழில் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் விதிப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் 42 விழுக்காடு. மற்றப் பிரிவுகளில் 58. பக்கவாத மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அரிது. ஆனால் அந்த ஆய்வில் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை. மூன்றில் எது எவ்வளவு உதவியது என்றும் பிரிக்க முடியாது. எனவே சோதனையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. செலவு குறைவு, ஆபத்து குறைவு, சான்று பக்கத்தில் நிற்கிறது என்ற அளவில் அதை ஏற்கிறேன்.

சோதனையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. சுமார் 90 மில்லி தண்ணீரை இடைவிடாமல் குடிக்கச் சொல்லும் சோதனையை 3,000 நோயாளிகளிடம், மூக்கு வழியே கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையோடு ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. உள்ளே இறங்குபவர்களில் 96.5 விழுக்காட்டினரை அந்தச் சோதனை பிடித்துவிட்டது. ஆனால் எதுவும் இறங்காதவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் அதில் தேறவில்லை. தேறியவரை நம்பிச் சாப்பிட விடலாம், தேறாதவரை இன்னும் பார்க்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பொருள். சலித்தெடுக்க அமைத்த சோதனை அப்படித்தான் இருக்க வேண்டும். கேமராவோ எக்ஸ்ரே வீடியோவோ பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரோ இல்லாத மருத்துவமனையில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே அடுத்த பரிசோதனை நடப்பதே இல்லை. சந்தேகமே தீர்ப்பாகி, குறைபாடே இல்லாத ஒருவர் வாரக்கணக்கில் கெட்டித் தண்ணீரும் மசித்த சோறுமாகக் கிடக்கிறார், அல்லது மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

இனி கெட்டித் தண்ணீருக்கு வருவோம். அதன் தர்க்கம் கேட்க நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடுகிறது. பலவீனப்பட்ட தொண்டை மூடிக்கொள்ளும் முன்பே அது வந்து சேர்ந்துவிடுகிறது. கெட்டியாக்கினால் மெதுவாக இறங்கும், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தால் இது உண்மைதான். தண்ணீர் குடித்தால் உள்ளே இறங்கும் மறதிநோய், பார்க்கின்சன் நோயாளிகள் 711 பேரை வைத்து அமெரிக்காவில் ஜெரி லோகெமன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்திச் சாதாரணத் தண்ணீரைக் குடித்தபோது 68 விழுக்காட்டினருக்கு உள்ளே இறங்கியது, இளம்பாகு போன்ற திரவத்தில் 63, தேன் பதத்தில் 53. படம் பார்ப்பவருக்கு இது வெற்றி. ஆனால் நோயாளிக்கு வேண்டியது நல்ல படம் அல்ல. நிமோனியா வராமல் இருப்பது. அதே திட்டத்தின் தொடர்ச்சியாக ஜோஆன் ராபின்ஸ் குழுவினர் 515 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்தார்கள். தாடையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கு நிமோனியா. கெட்டித் திரவம் குடித்தவர்களில் 11.6. படத்தில் தெரிந்த அனுகூலம் படுக்கைக்கு வந்து சேரவில்லை. மாறாக நீர்ச்சத்துக் குறைவு கெட்டித் திரவக்காரர்களில் 6 விழுக்காடு, மற்றவர்களில் 2. சிறுநீர்த் தொற்று 6க்கு 3. காய்ச்சல் 4க்கு 2. நிமோனியா வந்தவர்களிலும் தேன் பதம் குடித்தவர்கள் மருத்துவமனையில் படுத்த நாள்கள் மற்றவர்களை விடப் பல மடங்கு. நுரையீரலுக்குள் போன நல்ல தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். பசையை எளிதில் வெளியேற்ற முடியாது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கெட்டியாக ஆக, விழுங்கிய பிறகு தொண்டைக் குழியில் தங்கும் மிச்சமும் கூடுகிறது.

உள்ளே இறங்குவது குறைந்தும் நிமோனியா ஏன் குறையவில்லை? இறங்குவது மட்டும் போதாது, எதோடு இறங்குகிறது என்பதும் முக்கியம். 189 முதியவர்களைப் பின்தொடர்ந்து சூசன் லாங்மோர் குழுவினர் 1998இல் எழுதிய ஆய்வில், நிமோனியாவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்த காரணங்களில் முன் வரிசையில் நின்றவை வேறு: பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பல் துலக்கவும் பிறர் வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், குழாய் உணவு, பல நோய்கள், பல மருந்துகள், புகைப்பழக்கம். விழுங்கல் குறைபாடு முக்கியம்தான், ஆனால் இவற்றின் துணையில்லாமல் அது தனியாகப் பொதுவாக நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டு நடந்த ஆய்வில், வேளாவேளைக்கு வாயைச் சுத்தம் செய்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. ஒரு பல்துலக்கியின் பலன் இது. ஆனால் எந்த மருத்துவமனையிலும் கெட்டித் தண்ணீருக்கு இருக்கும் அளவு கெடுபிடி பல் துலக்குவதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. இதே சிந்தனையில்தான் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஃப்ரேசியர் மறுவாழ்வு மையம் 1984 முதல், கெட்டித் திரவம் விதிக்கப்பட்டவருக்கும் வாயைச் சுத்தம் செய்த பின், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில், வெறும் தண்ணீர் குடிக்க அனுமதி கொடுத்து வருகிறது.

ராபின்ஸ் ஆய்வில் எந்தச் சிகிச்சையும் பெறாத பிரிவு இல்லையே, எனவே கெட்டித் திரவம் பயனற்றது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாடையைத் தாழ்த்துவதும் ஒரு சிகிச்சை. இரண்டும் ஒரே அளவு உதவியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், விலையில்லாத வழி ஒன்று இருக்கும்போது, நீர்ச்சத்தைக் குறைத்து நோயாளி முகம் சுளிக்கும் வழியை முதலில் ஏன் எடுக்க வேண்டும்? அமெரிக்காவில் மறதிநோயோடு மருத்துவமனையில் சேர்ந்த 8,900க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வும், கெட்டித் திரவத்தால் மருத்துவமனை இறப்பு குறைந்ததாகக் காணவில்லை. ஒரு பொருளை ஒருவரின் அன்றாட உணவில் திணிப்பவர்தான் அதன் பயனை நிரூபிக்க வேண்டும், அதை மறுப்பவர் அல்ல.

ஆனால் இந்த வாதத்தைத் திட உணவுக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது. மெல்ல முடியாதவருக்கு இறைச்சித் துண்டோ வேர்க்கடலையோ கொடுத்தால் அது மூச்சுக்குழாயை அடைத்து நிமிடங்களில் கொல்லும். அங்கே ஆபத்து நிமோனியா அல்ல, அடைப்பு. அதற்கு ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மசித்தது, நறுக்கியது, மென்மையானது என்று பிரிப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2015இல் வகுக்கப்பட்ட இட்சி என்னும் பன்னாட்டு அளவுகோல் இதை 0 முதல் 7 வரை நிலைகளாக்கியது. பெரியவர்களுக்கு நறுக்கிய ஈர உணவின் துண்டு 4 மில்லிமீட்டருக்குள், மென்மையான துண்டு 15 மில்லிமீட்டருக்குள். திரவத்துக்கு 10 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும்: நிரப்பி 10 நொடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. 1 முதல் 4 மில்லி மிச்சமிருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை. ஆய்வகம் இல்லாமல் சமையலறையிலேயே செய்யக்கூடிய இந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பதத்தை நுணுக்கமாக அளப்பது வேறு, அந்தப் பதம் நோயாளிக்கு நல்லது என்று காட்டுவது வேறு.

நம் சமையலறையில் பதம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. கேழ்வரகுக் கூழ் அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு பதம், ஆறினால் வேறு பதம். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கஞ்சியில் விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவை உடைத்து நீர்க்கச் செய்துவிடும். பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு நோயாளி குடிப்பது தண்ணீருக்குப் பக்கத்தில் வந்திருக்கும். குழைந்த ரசம் சாதத்தை மென்மையான உணவு என்று நினைத்து ஊட்டுகிறோம். அதில் சோறு நாக்கில் நிற்க, ரசம் முன்னால் ஓடிவிடுகிறது. விழுங்கத் தடுமாறுபவருக்கு இந்த இரண்டுங்கெட்டான் கலவைதான் மிகக் கடினம். கடையில் விற்கும் கெட்டிப்பொடிக்கும் தனி ஆபத்துகள் உண்டு. பொடியை அப்படியே விழுங்கி ஒருவர் மூச்சடைத்து இறந்ததால் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2015இல் எச்சரிக்கை விட்டது. பாலிஎத்திலீன் கிளைக்கால் கொண்ட மலச்சிக்கல் மருந்தை மாவுச்சத்துப் பொடியால் கெட்டியாக்கினால் கலவை நீர்த்துவிடும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எச்சரித்தது.

தமிழ்நாட்டில் பல இடங்களில் சோதனையே ஒழுங்காக நடக்காதபோது, கெட்டித் தண்ணீரின் குறைகளைப் பேசுவது வசதிபடைத்த நாடுகளின் கவலை இல்லையா என்று கேட்கலாம். நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். இனிமேல்தான் தொடங்கப்போகிறோம் என்றால், பிறர் ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டையை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. சோதனையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் செவிலியர் பயிற்சி போதும். நம் வார்டுகளில் ஊட்டுபவர் பெரும்பாலும் வீட்டு மனிதர். படுத்த நிலையில் ஊட்டக் கூடாது, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும், வாயைத் துடைத்து விட வேண்டும் என்பதை அவருக்குக் கற்றுத்தர எந்த இறக்குமதிப் பொடியும் வேண்டாம். பக்கவாதத்தில் விழுங்கல் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே தேறிவிடுகிறது. எனவே கெட்டித் திரவம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சிகிச்சையாளர் முடிவெடுத்தாலும், ஆன்டிபயாடிக் எழுதும்போது நாள் குறிப்பதுபோல மறுபரிசோதனை நாளையும் எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒருமுறை ஏறிய உணவு விதியை யாரும் வந்து அழிப்பதில்லை.

எஞ்சியிருப்பது பொறுப்பு பற்றிய அச்சம். வெறும் தண்ணீர் கொடுத்து நிமோனியா வந்தால் மருத்துவர் மேல் பழி விழும். கெட்டித் தண்ணீர் கொடுத்து நோயாளி நாவறண்டு, சிறுநீரகம் கெட்டு, உணவை வெறுத்துப் போனால் அது நோயின் போக்கு என்று எழுதப்படும். இந்தச் சமமின்மைதான் நடைமுறையைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது என் கணிப்பு. இதற்கு மாற்றாக, கெட்டித் திரவத்தை மற்ற எந்தச் சிகிச்சையையும் போல நோயாளியிடமும் குடும்பத்திடமும் எடுத்துச் சொல்லி ஒப்புதல் கேட்கலாம்: இதனால் இருமல் குறையலாம், நிமோனியா குறையும் என்று உறுதி இல்லை, தண்ணீர் குறைவாகக் குடிக்க நேரும். முற்றிய மறதிநோயில் குழாய் உணவைத் தவிர்த்துக் கவனமாகக் கையால் ஊட்டச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. அந்த நிலையில் உள்ள ஒருவர் சாதாரணக் காப்பியைக் கேட்டால், அதைக் கொடுப்பதில் உள்ள ஆபத்தை ஏற்பதா என்பதை வார்டு விதி அல்ல, அவரும் அவருடையவர்களும் முடிவெடுக்கட்டும். என்ன முடிவு, ஏன் என்பதைக் கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதிக் கையெழுத்திடட்டும்.