குரலுக்கு ஒரு சண்டை, மூலத்துக்கு ஒரு சண்டை

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டை வெளிப்பார்வைக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேனுக்கு இணை இன்னும் வரவில்லை என்பார் ஒருவர். 1989இல் டிம் பர்ட்டன் எடுத்த பேட்மேனா, 2008இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்ததா என்று இருவர் மல்லுக்கு நிற்பார்கள். ஸ்பைடர்மேன் என்றால் 2002இன் டோபி மெக்குவயர்தான், பிறகு வந்தவர்களெல்லாம் வேடம் கட்டியவர்கள் என்று மூன்றாமவர் முடிவே கட்டிவிடுவார். பழைய படங்களில் கதை இருந்தது, புதியவற்றில் கணினி வித்தைதான் மிச்சம் என்பது ஒரு கட்சி. பழையவை வெறும் ஏக்கம், வித்தையும் துணிச்சலும் இப்போதுதான் வந்திருக்கின்றன என்பது எதிர்க்கட்சி. மார்வெல் படங்களைச் சினிமாவாகவே கருத முடியவில்லை என்று 2019இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி சொன்னபோது முதல் கட்சிக்குப் பெரிய இடத்துச் சாட்சியும் கிடைத்தது. இந்த வாதங்கள் சென்னையிலும் கேட்கும், கொழும்பிலும் கேட்கும். கொஞ்சம் காது கொடுத்தால்தான் இரண்டு இடங்களிலும் வழக்கின் பொருளே வேறு என்று தெரியும். தமிழ்நாட்டு ரசிகர் பெரும்பாலும் குரலுக்காக வாதாடுகிறார். சிங்கள ரசிகர் மூலத்துக்காக வாதாடுகிறார். ரசனை வேறு, மண் வேறு என்று இதற்குச் சமாதானம் சொல்வது எளிது. படம் எந்த வழியாக அவர்களிடம் வந்து சேர்கிறது என்பதே உண்மையான காரணம். இந்தியாவில் அந்த வழி டப்பிங், இலங்கையில் சப்டைட்டில்.

இந்தியாவில் ஹாலிவுட் படத்தை உள்ளூர் மொழியில் பேசவைப்பது இன்று பெரிய தொழில். 1994இல் 'ஜுராசிக் பார்க்' இந்தியில் பேசி வசூலைக் குவித்ததிலிருந்து அது வேகம் பிடித்தது. 2002இன் 'ஸ்பைடர்மேன்' இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் வந்தது. 2007இல் மூன்றாம் பாகம் போஜ்புரியிலும் பேசியது. 2023இல் வந்த 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' ஆங்கிலத்தையும் சேர்த்துப் பத்து மொழிகளில் வெளியானது. தமிழில் ஜாக்கி சான் படங்களே இதற்குப் பாதை போட்டுக் கொடுத்திருந்தன. டப்பிங் எழுதுபவரின் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. திரையில் உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும். வாய் திறந்திருக்கும் நேரத்துக்குள் வாக்கியம் முடிந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு அசையில் தீரும் கிண்டலுக்குத் தமிழில் ஆறு அசை தேவைப்பட்டால் அந்தக் கிண்டலையே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும். அப்படி வைக்கும்போது சென்னைப் பேச்சும், நம் நகைச்சுவை நடிகர்களின் சாயலும், பஞ்ச் வசனமும் தாமாகவே உள்ளே வந்துவிடுகின்றன. படம் முடியும்போது ரசிகர் பார்த்திருப்பது மூலத்தின் நகல் இல்லை. அதே காட்சிகளின்மேல் கட்டிய இன்னொரு படம். அதற்கென்று தனியாகப் புகழும் உண்டு, பழியும் உண்டு.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2019 ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'. தமிழ் வசனத்தை ஏ. ஆர். முருகதாஸ் எழுதினார். அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். படத்தைப் பரவலாகக் கொண்டுபோகும் வணிக உத்தி அது. ஆனால் தமிழ் ரசிகர்களிடமிருந்து எழுந்தது மனக்குறைதான். அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கிடம் வேறொரு நட்சத்திரத்தின் குரல் கேட்கிறது, முன்பு பேசிவந்தவரையே கொண்டுவாருங்கள் என்றார்கள். இந்தக் குறையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வேடத்தில் நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரின் சொந்தக் குரலைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. தங்களுக்குப் பழகிய தமிழ் டோனி ஸ்டார்க்கைப் பறித்துவிட்டார்கள் என்பதுதான் குறை. ஆக, 'பழையதே நன்று' என்று தமிழ் ரசிகர் சொல்லும்போது அந்தப் பழையதில் திரையின் முகத்தோடு பழகிய குரலும் சேர்ந்திருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து மடோன் அஸ்வினின் 'மாவீரன்' வந்தது. நாளிதழில் வரும் சித்திரக்கதை ஒன்றை வரையும் பயந்த சுபாவக்காரனுக்கு அந்தக் கதையின் நாயகனே அசரீரியாகக் கட்டளையிடுகிறான். அந்த அசரீரியும் விஜய் சேதுபதிதான். அயர்ன்மேனில் ஒட்டாத அதே குரலை இங்கே ரசித்தார்கள். மாவீரனுக்கு முன்பு வேறு குரல் இருந்ததில்லை. அதனால் யாரும் எதையும் இழக்கவில்லை. நட்சத்திரத்தின்மேல் உள்ள விருப்புவெறுப்பு மட்டும் காரணமாக இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே முடிவு வந்திருக்க வேண்டும்.

இலங்கைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. கொழும்பில் சூப்பர் ஹீரோ படங்கள் ஆங்கிலத்திலேயே ஓடுகின்றன; அவற்றைச் சிங்களத்தில் பேசவைத்துத் திரையரங்குக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் ரசிகர்களே. படங்களுக்குச் சிங்களச் சப்டைட்டிலைத் தன்னார்வமாக எழுதும் ஒரு பெரிய கூட்டம் அங்கே உருவாகியிருக்கிறது. அந்த வேலையின் உருவத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரிசை எண். அதன் கீழே அது தோன்றும் நேரமும் மறையும் நேரமும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும். அதன் கீழே இரண்டு வரிக்கு மிகாத சிங்களம். ஒரு முழுநீளப் படத்துக்கு இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் தேவைப்படும். படத்தின் வேறொரு பிரதியோடு சேர்த்து ஓட்டினால் எழுத்து முந்திக்கொள்ளும் அல்லது பிந்திவிடும். எழுதி முடித்தவர் அதோடு நிற்பதில்லை; எந்தப் பிரதிக்குப் பொருந்தும் என்று குறித்து, படம் எப்படிப்பட்டது, முன்பு வந்தவற்றோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று ஒரு முன்னுரையும் சேர்ப்பார். அதனால் அங்கே மொழிபெயர்ப்பவரே விமர்சகர். அவருடைய சிங்களத்தை வாசிப்பவர் காதில் விழுவதோ அமெரிக்க நடிகரின் சொந்தக் குரல். வாசகர் சற்று ஆங்கிலம் அறிந்தவரானால் இரண்டையும் அந்தக் கணமே ஒத்துப் பார்த்துவிடுகிறார்; தவறினால் கேட்டும்விடுகிறார். காமிக்ஸில் இருந்தது படத்தில் இருக்கிறதா, படத்தில் இருந்தது சிங்களத்தில் வந்ததா என்ற மூலவிசுவாசமே அங்கே விவாதத்தின் அச்சாகிறது.

இந்த வேறுபாடு விமர்சனத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு நோலனின் பேட்மேன் ஒன்றே போதும். முகமூடி மாட்டியதும் கிறிஸ்டியன் பேல் தொண்டையை இறுக்கிக் கரகரத்துப் பேசுவது உலக ரசிகர்களின் தீராத சர்ச்சை. பர்ட்டனின் பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டனின் அடங்கிய பேச்சோடு அதை ஒப்பிட்டு, பழையவர் மேல் என்பாரும் புதியவர் மேல் என்பாரும் உண்டு. ஜோக்கராக நடித்து இறந்தபின் ஆஸ்கர் பெற்ற ஹீத் லெட்ஜரின் நடிப்பிலும் பாதி அந்த இழுத்து இழுத்துப் பேசும் குரல்தான். சப்டைட்டிலோடு பார்ப்பவர் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லலாம். டப்பிங்கில் மட்டும் பார்த்தவருக்கோ இந்த வழக்கே இல்லை. பேலும் லெட்ஜரும் அவர் காதில் விழவே இல்லை. இந்த இழப்பு ஒருபக்கமானதும் இல்லை. எழுத்தை வாசிக்கும் கண் அந்த இரண்டு நொடி திரையின் அடியிலேயே நிற்கிறது. கட்டடங்களுக்கு நடுவே ஸ்பைடர்மேன் வீசிச் செல்லும்போது பேசும் பேச்சை வாசிப்பவர் அந்த வீச்சைத் தவறவிடுகிறார். ஆகவே 'இப்போதைய படங்களில் காட்சிதான் இருக்கிறது' என்ற குற்றச்சாட்டும்கூடக் காட்சியை முழுதாகப் பார்க்கக் கிடைத்தவர் வாயிலிருந்தும் பாதி பார்த்தவர் வாயிலிருந்தும் ஒரே எடையோடு வருவதில்லை.

சித்திரக்கதை மரபும் இந்த வேறுபாட்டுக்குத் துணைநின்றது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அவற்றின் நாயகர்கள் பிரிட்டனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்தவர்கள். ஆனாலும் தமிழ்தான் பேசினார்கள். லயன் வாசகருக்கு ஸ்பைடர் என்றால் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் நினைவுக்கு வருவதற்கு முன், குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கி நல்லவர் பக்கம் தாவிய அந்தப் பிரிட்டிஷ் ஸ்பைடர்தான் வருவார். வேற்றுநாட்டு வீரன் தமிழில் மிரட்டுவது அவர்களுக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பழக்கம். டப்பிங் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. சிங்களத்தில் சித்திரக்கதை வேறு வழியில் வளர்ந்தது. 1951இல் 'லங்காதீப' நாளிதழில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா'வுக்குப் பின், 1972இல் 'சதுட' போன்ற தனிச் சித்திரக்கதை ஏடுகள் வந்தபோது அவற்றை நிரப்பியவை பெரும்பாலும் உள்ளூர் ஓவியர்கள் வரைந்த உள்ளூர்க் கதைகள். கமிலஸ் பெரேராவின் சித்திரக்கதை நாயகன் 'கஜமன்' அந்தக் காலத்தின் பிள்ளை. 2023இல் சானக பெரேரா அவனை முப்பரிமாண அசைவூட்டப் படமாக்கினார். சொந்தச் சித்திரக்கதைக்குச் சொந்த மொழி, அந்நிய வீரனுக்கு அந்நியக் குரல் என்ற பிரிவினை அங்கே இயல்பாக அமைந்துவிட்டது.

இதெல்லாம் வெறும் சந்தைக் கணக்கு என்று ஒருவர் மறுக்கலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி, 2012இல் இலங்கை முழுவதுமே 2 கோடியை ஒட்டியது, அதில் சிங்களவர் முக்கால் பங்கு. டப்பிங்குக்குப் போடும் பணம் ஓரிடத்தில் திரும்பும், மற்றோரிடத்தில் திரும்பாது. இதில் ரசனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் சந்தை வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் சொல்கிறதே தவிர, அந்த வழி ரசிகரை என்ன செய்தது என்பதை அது சொல்வதில்லை. சிங்களவருக்கு டப்பிங்கே பிடிக்காது என்று முடிவுகட்டவும் முடியாது. 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின் டைட்டஸ் தொட்டவத்த கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேசவைத்தார். அவர் கைபட்ட பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற பெயரில் ஒரு தலைமுறையின் சொத்தானது. அந்தத் தலைமுறை இன்றும் அந்தக் குரல்களுக்காக ஏங்குகிறது. மூலம் எப்படி ஒலித்தது என்று அங்கே யாரும் வழக்காடுவதில்லை. டப்பிங் கிடைத்த இடத்தில் சிங்கள ரசிகரும் குரலின் கட்சிதான்.

நகரத்தில் ஆங்கிலம் அறிந்தவர்கள் இரண்டு நாட்டிலும் ஆங்கிலத்திலேயே பார்க்கிறார்கள், மிகுதியாக வாதாடுபவர்களும் அவர்களே என்பது இன்னொரு மறுப்பு. மெய்தான். சென்னையில் ஆங்கிலப் பிரதியைப் பார்த்தவரும் கொழும்பில் அதே பிரதியைப் பார்த்தவரும் பேசினால் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கும். ஆனால் இந்த மறுப்பு என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. வேறுபாட்டின் வேர் நாட்டிலோ இனத்திலோ இருந்தால் ஆங்கிலப் பிரதி அதை அழித்திருக்க முடியாது. வழி ஒன்றானதும் வாதமும் ஒன்றாகிறது.

இலங்கைத் தமிழ் ரசிகரின் நிலை இதற்குக் கடைசிச் சான்று. அவருக்குச் சிங்களச் சப்டைட்டில் பெரும்பாலும் எட்டாது. யாழ்ப்பாணப் பேச்சிலோ மட்டக்களப்புப் பேச்சிலோ எந்தச் சூப்பர் ஹீரோவும் பேசியதில்லை. அவர் கேட்பது இந்தியத் தொலைக்காட்சி வழியாக வரும் சென்னைத் தமிழ் அல்லது நேரடி ஆங்கிலம். ஆக, ஒரே நாட்டில், ஒரே ஊரில் அடுத்தடுத்து வாழும் இரண்டு ரசிகர்களில் ஒருவர் ஸ்பைடர்மேனின் தமிழ்க் குரலைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் ஆங்கில மூலத்தைப் பற்றிப் பேசுகிறார். முன்னவர் கேட்கும் தமிழும் அவர் வீட்டில் பேசும் தமிழ் இல்லை என்பதால், தமிழ்நாட்டு ரசிகருக்குக் கிடைக்கும் நெருக்கம் அவருக்கு முழுதாகக் கிடைப்பதுமில்லை.

இரண்டு வழிகளில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. ஒன்று வீரனை நம்மவனாக்கி நடிகனைத் தொலைக்கிறது. மற்றது நடிகனைக் காப்பாற்றி வீரனை விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. பயனுள்ள வேலைகள் வேறு. பழைய படமா புதிய படமா என்று வாதாட உட்காருபவர் முதலில் எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். திரைவிமர்சனம் எழுதுபவர்கள் தமிழ் வசனம் எழுதியவரையும் குரல் கொடுத்தவரையும், சிங்களச் சப்டைட்டில் எழுதியவரையும் பெயர் சொல்லி எடைபோட வேண்டும். ரசிகர் பார்த்த படத்தில் அவர்களுக்குப் பாதிப் பங்கு இருக்கிறது. வணிகர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். புதிதாக ஒரு நட்சத்திரத்தைக் கூட்டிவருவதால் கிடைக்கும் விளம்பரத்தைவிட, பத்தாண்டுகளாக ஒரு பாத்திரத்துக்குப் பேசிவந்த குரலை மாற்றாமல் வைத்திருப்பதற்கு ரசிகரிடம் மதிப்பு அதிகம். 2019இல் தமிழ் ரசிகர்கள் சொன்ன குறையின் சாரம் அதுதான். அது வெறும் ஏக்கம் இல்லை, நியாயமான விமர்சனம்.