படங்கு கட்டாத பொம்மை

நுவரெலியாவிற்கு வந்து போகும் உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் மூன்று பொருள்களை வாங்கிக்கொண்டே மலையிறங்குகிறார்கள். ஒன்று தேயிலைப் பொதி. மற்றொன்று குளிருக்கு ஒரு மேலங்கி. மூன்றாவது, கைவினைப் பொருள் என்ற சீட்டு ஒட்டிய ஏதாவதொரு நினைவுப் பண்டம். முதலிரண்டும் வயிற்றுக்கும் உடம்புக்கும் உரியவை. மூன்றாவது கலையின் பெயரால் விற்கப்படுகிறது. எனவே அது விமர்சனத்திற்கும் உரியதாகிறது.

2024ஆம் ஆண்டின் இறுதியில் என் வகுப்பு மாணவர்களை நுவரெலியாவிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். திடீரென்று பெய்த மழைக்கு ஒதுங்கிய இடம் அத்தகைய ஒரு கடை. பிள்ளைகள் தட்டுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவியொருத்தி ஒரு மரப்பொம்மையின் முன்னே நெடுநேரம் நின்றாள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் அது. “டீச்சர், இந்த அம்மா படங்கே கட்டலியே, சீலையெல்லாம் நனைஞ்சிடாதா?” என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கலைப்பொருளைப் பற்றி அன்று அந்தக் கடையில் எழுந்த ஒரே உண்மையான விமர்சனம் அதுதான்.

படங்கு என்பது இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி. இன்று பல தோட்டங்களில் அதன் இடத்தைப் பொலித்தீனும் உரச்சாக்கும் பிடித்துவிட்டன. பனியில் நனைந்த செடிகளுக்கிடையே நடப்பவளின் சேலையையும் தொடையையும் ஈரத்திலிருந்தும் கவ்வாத்து வெட்டிய குச்சிகளிலிருந்தும் காப்பது அது. பொம்மைக்கு அது இல்லை. தலையில் கம்பளியும் இல்லை. கூடைக்கயிறு தலையை அழுத்தாமல் தோளில் அழகாகத் தொங்குகிறது. மலைகளில் மூங்கிற்கூடை அருகிப் பிளாஸ்டிக் கூடையும் சாக்குப் பையும் வந்துவிட்ட பிறகும் பொம்மையின் முதுகில் மட்டும் மூங்கிற்கூடையே இருக்கிறது. இவ்வாறு உழைப்பின் அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு, பழமையின் அழகு மட்டும் மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது. வாங்குபவனின் கண்ணை உறுத்தக்கூடியது எதுவும் அதில் இல்லை. அந்த ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. பொம்மையின் விலையோ இரண்டு நாட்சம்பளத்திற்கு மேல்.

அதே தட்டிலிருந்த ஏனைய பொருள்களையும் பார்ப்போம். முகமூடிகள் தென்கரையின் அம்பலாங்கொடையில் செதுக்கப்படும் மரபைச் சேர்ந்தவை. பத்திக் துணிகள், 1960களில் ஈனா டி சில்வா போன்றோர் புத்துயிரூட்டிய கலையின் வாரிசுகள். சணல் போன்ற நாரில் நெய்த தும்பறைப் பாய் வேலைப்பாடு கண்டிப் பகுதியின் கின்னர சமூகத்தார் காத்துவந்த நெசவு. 2021இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது. இவை ஒவ்வொன்றும் தன்னைச் செய்த ஊரையும் கையையும் நினைவூட்டுகின்றன. கொழுந்துக்காரியின் பொம்மையோ அவள் கை செய்ததன்று; அவளைப் பார்த்து வேறொருவர் கை செய்தது. மலையகத் தமிழர் அந்தத் தட்டிலே உருவமாக இருக்கிறார்கள், ஆக்குவோராக இல்லை.

“அவர்களுக்கென்று கைவினை ஏது?” என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு விடை காண ஆனந்த குமாரசுவாமியிடம் போவோம். ஈழத்துத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் பிறந்த அப்பேரறிஞர் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர். கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டார். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் அவரது பெருநூல், கைவினைஞரின் படைப்புகளோடு அவர்களுடைய சமுதாய அமைப்பையும் நிலையையும் சேர்த்தே ஆராய்கிறது. ஆதரிக்கும் சமுதாயம் சரிந்தால் கைவினையும் சரியும் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது, ஆதரித்த கை போயிற்று, இயந்திரச் சரக்கு வந்தது, தறி ஓய்ந்தது.

அந்த அளவுகோலை அவர் கையாளாத இடத்தில் நாம் கையாள வேண்டும். அவர் ஆராய்ந்தது முக்கியமாகப் பதினெட்டாம் நூற்றாண்டுவரை எஞ்சி நின்ற கண்டிக் கலை. அவர் நடந்த மலைச்சரிவுகளிலோ அப்பொழுதே கோப்பி போய்த் தேயிலை வந்து, வரிசை வரிசையாக லயங்கள் நின்றன. அங்கே இருந்தவர்கள் யார்? தமிழகத்தின் பஞ்சங்களுக்கும் கடனுக்கும் தப்பிக் கங்காணிகளின் பின்னால் வந்த உழவரும் தொழிலாளரும். அவர்கள் தங்கள் கையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் களிமண் எடுக்கக் குளக்கரை இல்லை, தறி நாட்ட முற்றம் இல்லை, இருக்கும் நிலமெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். பிரட்டுக்களத்திற்கும் கொழுந்து மடுவத்திற்கும் இடையே பகல் கழிந்தது. உடுத்தும் கம்பளியைக்கூட அவர்கள் நெய்யவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டங்களில் அரிசியோடு கம்பளியும் முன்கடனாகக் கொடுக்கப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. கை இருந்தும் பொழுது இல்லாதவனுக்குக் கைவினை இல்லை என்று பழிப்பது எவ்வகை நியாயம்?

இந்த நாட்டின் வரலாற்றில் 1964ஆம் ஆண்டு நம்மை நின்று சிந்திக்க வைப்பது. தேசியக் கைப்பணிகளை விற்க அரசாங்கம் லக்சல நிறுவனத்தைத் தொடங்கியது அவ்வாண்டில். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று தலைகள் பங்கிடப்பட்டன. ஒருபுறம் தேசத்தின் கைகள் எவை என்று தேர்ந்தெடுத்துக் காட்சியில் வைத்தார்கள். மறுபுறம் தேசத்திற்கே அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகளைக் கப்பலேற்றக் கணக்கெடுத்தார்கள். தட்டிலே அவர்களுக்கு இடமில்லாது போனதில் வியப்பென்ன?

எனினும் லயங்கள் வெறுங்கையாக இருக்கவில்லை. காமன் கூத்திற்கும் அருச்சுனன் தபசிற்கும் வேண்டிய முடியும் புஜகீர்த்தியும் அங்கேதான் உருவாயின. தோலை வார்த்துக் கட்டிய தப்பு அங்கேதான் ஒலித்தது. இவற்றை உயர்த்திப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தும்பறைப் பாய் நெய்தவர் கண்டிச் சாதியடுக்கின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர். தப்புக் கட்டியவர் நம்மிடையே அவ்வாறே வைக்கப்பட்டவர். கைவினையைப் போற்றி, அதைச் செய்தவனை வாசலில் நிறுத்தும் மரபை நாம் மீட்க வேண்டியதில்லை. குமாரசுவாமியின் பழைய உலகத்தில் நமக்கு இசைவில்லாத பகுதி இதுவே.

பயணிகளுக்கு ஒரு வார்த்தை. கண்டி அந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. அங்கே பழைய இயந்திரங்களைப் பேணிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்தது. அதில் மக்களின் வீட்டுப் பண்டங்களும் தொழிற்கருவிகளும் சேகரிக்கப்பட்டன. முதலாவதைப் பார்ப்பவர்கள் இரண்டாவதையும் பார்க்க வேண்டும். தேயிலையை அறிய இரண்டும் வேண்டும்.

பொம்மையை வாங்காதீர்கள் என்பது என் வாதமன்று. அதைச் செதுக்கியவனும் ஓர் ஏழைத் தொழிலாளியாகவே இருக்கக்கூடும். வாங்கும்போது, “இதைச் செய்த கை எது? இதில் உள்ள பெண்ணுக்கு இதில் என்ன பங்கு?” என்று கேளுங்கள். கேட்பவர் பலரானால் கடையும் மாறும். ஆனால் கடை மாறுவது மட்டும் போதாது. சொந்த நிலமும், ஓய்வுள்ள மாலையும், வாழத்தக்க ஊதியமும் கிடைக்கும் நாளில் மலையகத்தின் கை தன் அழகைத் தானே செய்து தரும். பரிவின் பேரில் வாங்குவதெல்லாம் அதற்கு ஈடாகாது.

மறுவாரம், “உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை வருணித்து எழுதுக” என்று வகுப்பில் கட்டுரை கொடுத்தேன். அந்த மாணவி தாயின் படங்கைப் பற்றி எழுதியிருந்தாள். எத்தனை ஒட்டு, எந்த ஒட்டு எப்போது போட்டது, மழைநாளில் அது எங்கே காயும் என்றெல்லாம் இரண்டு பக்கம். ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். வேறொன்றும் திருத்துவதற்கு இருக்கவில்லை.