போவும் கீட்ஸும் என் ஆங்கில வாத்தியார்கள்

கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்க இவ்வளவு இன்பமான வழி ஒன்று இருப்பதை யாராவது பள்ளிக்கூடத்திலேயே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா! போட்டித் தேர்வுக் கையேடுகளில் அகர வரிசையில் நிற்கும் சொற்கள் தேர்வு முடிந்ததும் விடைபெற்றுப் போய்விடும். கவிதையிலும் சிறுகதையிலும் சந்தித்த சொற்களோ போகச் சொன்னாலும் போவதில்லை.

எட்கர் ஆலன் போ 1846-இல் வெளியிட்ட ‘தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய கதை. முதல் பத்தியிலேயே ‘இம்ப்யூனிட்டி’ வந்துவிடுகிறது. தண்டனைக்கு ஆளாகாமல் தப்புவது என்று அகராதி சொல்லும். சரிதான். ஆனால் போ என்ன செய்கிறார் பாருங்கள்! தன்னை அவமதித்தவனைப் பழிவாங்கவும் வேண்டும், தான் மாட்டிக்கொள்ளவும் கூடாது என்று கதைசொல்லி மான்ட்ரசோர் தொடக்கத்திலேயே முடிவு கட்டுகிறான். பிறகு ஒயின் ஆசை காட்டி எதிராளியை நிலவறைக்கு அழைத்துப் போவது, சங்கிலியில் பிணைப்பது, கல்மேல் கல் வைத்துச் சுவர் எழுப்புவது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்கு எழுதிய உரைதான். நடுவே அவன் சொல்லும் குடும்ப இலச்சினையின் லத்தீன் வாசகத்திலும் அதே வேர்ச்சொல் ஒளிந்திருக்கிறது. கடைசியில், அரை நூற்றாண்டாக அந்த இடத்தை யாரும் தொடவில்லை என்கிறான். அடடா! இலங்கைப் போர் பற்றிய மனித உரிமை அறிக்கைகளில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிலவறையின் ஈரக்குளிர் என் முதுகில் ஏறுகிறது.

ஓ. ஹென்றி வேறு ரகம். ‘தி கிஃப்ட் ஆஃப் த மேஜாய்’ 1905-இல் வந்தது. மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் பேரம் பேசிக் காசு மிச்சம் பிடிக்கும் ஒரு ஏழை மனைவி. அந்தச் சில்லறைக் கணக்குக்கு ‘பார்சிமனி’ என்கிறார். அவர்களுடைய மங்கிய வீட்டைச் சொல்லும்போது ‘மெண்டிகன்ஸி’ வருகிறது. முன்னது கஞ்சத்தனம், பின்னது பிச்சையெடுத்தல். சின்ன வீட்டுக்கு இவ்வளவு கனமான சொல்லா என்று நம் முகத்தில் ஒரு புன்னகை வருகிறதே, அதுதான் பாடம். எந்தச் சொல் எந்தச் சபைக்கு உரியது, எங்கே வைத்தால் சிரிப்பு வரும் என்பதை ஒரு சொற்பட்டியல் எப்படிச் சொல்லித்தரும்?

இதெல்லாம் மிரட்டுகிறது என்பவர்கள் ஆர்.கே. நாராயணிடம் போகலாம். ‘ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே’யில் திருநீறும் குங்குமமும் துலங்கும் ஜோதிடரின் நெற்றிக்கு ‘ரெஸ்ப்ளெண்டென்ட்’ என்று எழுதியிருக்கிறார். அந்த நெற்றியை நாம் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். அகராதி எதற்கு?

கவிதை என்றால் எனக்கு ஜான் கீட்ஸ்தான். 1819-இல் அவர் எழுதிய ‘ஓட் டு எ நைட்டிங்கேல்’ கவிதையின் முதல் பத்து வரிகளுக்குள்ளேயே ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியும், ஓபியேட் என்னும் அபின் மருந்தும் வந்துவிடுகின்றன. லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்து, 1816-இல் மருந்தாளர் உரிமம் பெற்றவர் அவர். அந்தச் சொற்கள் அவர் கைபட்டுப் பழகியவை. அதைவிட அழகு ஒன்று உண்டு. ஏழாவது பத்தி ‘ஃபார்லோர்ன்’ என்ற சொல்லில் முடிய, எட்டாவது பத்தி அதே சொல்லில் தொடங்குகிறது. நம் அந்தாதியேதான்! அபிராமி அந்தாதி கேட்டு வளர்ந்த காதுக்கு இது எப்படி இனிக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. கைவிடப்பட்ட தனிமையைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கவிஞர் இரண்டாம் முறை உச்சரிக்கும்போது அவருடைய கனவே கலைந்துவிடுகிறது. வாய்விட்டுப் படித்தால் நமக்கும் கலைகிறது.

சொற்களைச் செய்யுளில் வைத்துக் கற்பது நமக்குப் புதிதும் அல்ல. மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடிவைத்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை ஒப்பித்தே சொல்வளம் பெற்றார்கள். கீட்ஸை மனப்பாடம் செய்யும்போது அந்தத் திண்ணையில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும்.

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள், கதை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் உறுத்தும் சொற்களைத் தேடுங்கள். தனிச்சொல்லாகக் குறிக்காமல் வாக்கியம் முழுவதையும் நோட்டில் எழுதுங்கள். உச்சரிப்புக்கு லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் படித்துப் பதிவு செய்த ஒலிநூல்கள் இருக்கின்றன. போ, ஓ. ஹென்றி, கீட்ஸ் மூவரும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் காசில்லாமல் கிடைக்கிறார்கள். தயவுசெய்து இன்றிரவே அமோன்டிலாடோவில் தொடங்குங்கள்.