பேராக்கில் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

'பேராக்கில் பெரிசா எழுத்தாளர்கள் இல்லையே' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கே தேடினீங்க, எப்படித் தேடினீங்க? இது வம்புக்குக் கேட்கும் கேள்வி இல்லை. இன்று ஆய்வுக் கட்டுரையோ அறிமுகக் கட்டுரையோ எழுதுகிறவர் நூலகத்துக்குப் போவதற்கு முன் ஒரு தேடல் பெட்டியில்தான் தட்டிப் பார்க்கிறார். அதில் வருவது இலக்கிய வரலாறாகவே ஆகிவிடுகிறது. வராதவர் இல்லாதவராகிவிடுகிறார்.

விக்கித்தரவை எடுத்துக்கொள்வோம். 2012இல் தொடங்கியது. விக்கிப்பீடியாக்களுக்குப் பின்னால் இருக்கும் பொதுத் தரவுக் கிடங்கு அது. ஒரு எழுத்தாளர் பிறந்த இடம், பிறந்த தேதி, எழுதிய மொழி எல்லாம் அதில் தனித்தனிக் கூற்றுகளாகப் பதிவாகின்றன. ஒவ்வொரு வகைக் கூற்றுக்கும் ஓர் எண் உண்டு. பிறந்த இடம் பி19. ஓர் இடம் எந்த நிர்வாகப் பகுதிக்குள் இருக்கிறது என்பது பி131.

இந்தக் கிடங்குக்கு ஒரே வாசல் இல்லை. பக்கத்தின் மேலே இருக்கும் சிறு பெட்டியில் தட்டத் தட்டப் பெயர்கள் விழும். அது பெயரையும் மாற்றுப் பெயரையும் முதலெழுத்திலிருந்து பொருத்திப் பார்க்கும், அவ்வளவுதான். முழுத் தேடல் பக்கத்துக்குப் போனால் 'ஹேஸ்டபிள்யூபிஸ்டேட்மென்ட்' என்ற சொல்லைப் போட்டு, பி19 இன்ன இடம் என்று கேட்கலாம். இடைவெளி விட்டு இரண்டு நிபந்தனை எழுதினால் இரண்டும் பொருந்த வேண்டும். நேர்க்கோடு போட்டால் ஏதாவது ஒன்று போதும். மூன்றாவது வாசல் 2015இல் திறந்த வினவல் சேவை. அங்கே மொழியே வேறு: ஸ்பார்க்கில். நிரலர்கள் ஏபிஐ வழியாக இவற்றைக் கூப்பிடும்போதும் இதே பிரிவுதான். பெயர் தேடும் அழைப்பில் கூற்றுத் தேடலை எழுதினால் அது புரிந்துகொள்ளாது.

வாசல் வேறானால் விடையும் வேறாகும் என்பதுதான் சிக்கல். முழுத் தேடலில் 'பி19 பேராக்' என்று கேட்டால், பிறந்த இடம் என்ற கட்டத்தில் நேராகப் பேராக் என்று எழுதப்பட்டவர்கள் மட்டும் வருவார்கள். தாப்பாவில் பிறந்தவர் என்று சரியாகப் பதிவானவர் வரமாட்டார். ஈப்போவில் பிறந்தவரும் வரமாட்டார். தாப்பா பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருக்கிறது, அந்த மாவட்டம் பேராக்கில் இருக்கிறது என்ற சங்கிலி தரவில் இருக்கிறது. தேடல் அந்தச் சங்கிலியில் ஏறுவதில்லை. ஆக, விவரம் துல்லியமாகப் பதிவானவர் மறைகிறார், பொத்தாம்பொதுவாகப் பதிவானவர் தெரிகிறார். என்ன அநியாயம் பாருங்க!

ஸ்பார்க்கிலில் இதற்கு வழி உண்டு. பி19க்குப் பின் ஒரு சாய்கோடு, பிறகு பி131, அதன்மேல் ஒரு நட்சத்திரக் குறி. 'பிறந்த இடத்திலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் மேலே ஏறிப் பார்' என்று அர்த்தம். ஒரு நட்சத்திரக் குறியில் தாப்பாக்காரர்களும் பீடோர்க்காரர்களும் பேராக்காரர்களாகிவிடுகிறார்கள்.

அதற்காக ஸ்பார்க்கில்தான் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. பெட்டி மன்னிக்கும் இடத்தில் இது மன்னிக்காது. ஊர்ப்பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதிப் பெயரை வைத்துத் தேடினால், பின்னால் தமிழுக்கான மொழிக்குறியையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் விடை பூஜ்யம். 'தாப்பா' என்பதை ஒருவர் 'தாபா' என்று எழுதியிருந்தால் மாற்றுப் பெயரைத் தனியாகக் கேட்க வேண்டும். ரப்பரா இரப்பரா என்று இன்னும் தீர்மானிக்காத நமக்கு இது சின்ன விஷயமில்லை. போதாததற்கு, 60 வினாடிக்குள் விடை வராவிட்டால் கேள்வியே ரத்து.

இன்னொரு வேடிக்கை. 2016இல் பத்தாங் பாடாங்கிலிருந்து முவாலிம் தனி மாவட்டமானது. தஞ்சோங் மாலிம் அங்கே போனது. 1940இல் தஞ்சோங் மாலிமில் பிறந்த ஒருவர் எந்த மாவட்டக்காரர்? இன்றைய சங்கிலியில் ஏறினால் முவாலிம். அவர் வாழ்ந்த காலத்தின்படி பத்தாங் பாடாங். பழைய இணைப்பைத் தொடக்க, முடிவுத் தேதியோடு தரவில் வைத்திருக்கலாம். ஆனால் கேட்பவர் காலத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் அது பயன்படும்.

இலக்கண வேறுபாடு என்று நிரலர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவதை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். நட்சத்திரக் குறி இருப்பதும் இல்லாததும் 'யார் நம்மவர்' என்பதைத் தீர்மானிக்கிறது. பெட்டி தன் விடையைக் காட்டும்போது 'உட்பகுதிகளில் தேடவில்லை' என்று ஒரு வரி சொல்லலாம். சொல்வதில்லை. பார்ப்பவர் இவ்வளவுதான் போல என்று மூடிவிட்டுப் போகிறார்.

எந்த வாசலாலும் தீர்க்க முடியாதது ஒன்றும் இருக்கிறது. நம் எழுத்தாளர்களில் பலர் பட்டணத்தில் பிறக்கவில்லை, தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு ஆங்கிலப் பெயர், லயத்தில் ஒரு தமிழ்ப் பெயர். தோட்டம் துண்டாடப்பட்டு செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறியபின் இரண்டு பெயரும் போய்விடுகின்றன. பிறந்த இடம் வெற்றாக இருந்தால் நட்சத்திரக் குறி எதன்மேல் ஏறும்?

இதற்கு வழி உண்டு. அழிந்த இடத்துக்கும் விக்கித்தரவில் தனி உருப்படி வைக்கலாம். அழிந்த தேதிக்கென்றே பி576 இருக்கிறது. நம்பகமான பொது ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். தோட்டத் தமிழ்ப்பள்ளி மலர்களும் பழைய நாளிதழ்களும் அதற்கு உதவும். ஆங்கிலப் பெயரோடு லயத்துப் பெயரையும் மாற்றுப் பெயராகச் சேர்க்க வேண்டும். பெட்டி அதைத்தான் படிக்கும். எந்த நிர்வாகப் பகுதி என்பதையும் சேர்க்க வேண்டும். ஸ்பார்க்கில் அதைத்தான் பிடித்து ஏறும்.

அதுவரை ஒரு சின்ன ஒழுக்கம் போதும். 'இத்தனை பேர்தான்' என்று கட்டுரையில் எழுதுகிறவர்கள், எந்த வாசலில் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடட்டும். கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.